அடிப்பக்கம் தெரியாத படம்

ஓசூர்ப் பகுதியில் பணியாற்றும் ஒரு பங்குத்தந்தைக்கும் ஆழ்கடல் உயிர்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே அமைந்த ஊர் இது. வடக்கே சிறிது தொலைவு சென்றால் கர்நாடக எல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒலித்துவந்த இம்மண்ணில், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கியபின் ஊர் பெருகியது. இன்று இந்தியும் ஒடியாவும் சாதிரியும்கூடத் தெருவில் கேட்கின்றன. இங்கே தொழிலைப் பற்றி, வாடகையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்னிடம் பேச வருபவர் பலர். கடலைப் பற்றிப் பேச எவரும் வந்ததில்லை, கடந்த ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றுவரை.

அன்று இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தேன். எங்கள் இளைஞர் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி வாயிலில் நின்றார். வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றில் தரம் பார்க்கும் பணி அவருக்கு. பொங்கல் விடுமுறையில் நண்பர்களோடு அந்தமான் சென்று, முன்னர் ஹேவ்லாக் என்றும் 2018 முதல் சுவராஜ் தீவு என்றும் அழைக்கப்பெறும் தீவில், கடலுக்குள் மூழ்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். வாடகைக்கு எடுத்த கேமராவில் தாமே எடுத்த படங்களைக் காட்டினார். பாறையின் மீது விரல் நீளத்தில் ஏதோ ஒன்று. நீலச் சாம்பல் உடல். அதன்மேல் கரிய கோடுகள். முதுகெங்கும் புடைப்புகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் மஞ்சள்.

"கடல் அட்டையா, தம்பி?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஃபாதர். கடல் அட்டை வேறு. இது ஓடில்லாத கடல் நத்தை" என்றார்.

கடல் அட்டையை நம் இராமநாதபுரக் கடற்கரையினர் நன்கறிவர். 2001 முதல் அதைப் பிடிப்பதற்குத் தடை உண்டு. அது நட்சத்திர மீனுக்கு உறவு. இதுவோ நத்தைக்கும் சிப்பிக்கும் உறவு. பெயரிலேயே நான் தவறியதைக் கண்டு இருவரும் நகைத்தோம்.

அவர் வந்த காரியம் வேறு. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அசிசி நகர்ப் புனித பிரான்சிசு திருநாள் வரை, படைப்பின் காலம் என்று திருச்சபை கடைப்பிடிக்கும் நாள்களில், பங்கு மன்றத்தில் ஒரு படக்காட்சி வைக்க இளைஞர்கள் எண்ணியிருந்தார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் எழுத வேண்டும். பெயர்களெல்லாம் இலத்தீனில் இருந்தன. "நீங்கள் குருமடத்தில் இலத்தீன் படித்தவர்தானே, ஃபாதர்? இந்த இரண்டு படங்களிலும் இருப்பது ஒன்றுதானா, வேறு வேறா என்று புரியவில்லை."

நான் குருமடத்தில் இருந்தபோது இலத்தீனுக்குப் பழைய மதிப்பு இல்லை. முதிய பேராசிரியர் ஒருவர் வாரத்தில் சில மணி நேரம் கற்பித்தார். அதில் என்னிடம் மிஞ்சியது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தைக் கொண்டு அந்தத் தம்பி கொணர்ந்த பெயர்ப் பட்டியலைப் படித்தேன். நூடிபிராங்க்கியா என்பது அந்தப் பெருங்குழுவின் பெயர். 'ஆடையற்ற செவுள்' என்று பொருள்; நத்தைக்குரிய ஓட்டைத் துறந்து, மூச்சு வாங்கும் செவுளை வெளியே கொண்டவை. இக்குழுவில் ஏறத்தாழ 3,000 வகைகள் இதுவரை பெயர் பெற்றுள்ளன. நான் பார்த்த படங்கள் ஃபில்லிடியா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றன் பெயர் வாரிகோசா. 'புடைத்த நரம்புகள் கொண்டது' எனலாம். காலில் நரம்பு சுருண்டு வலியால் வருந்துகிற நம் முதியோர் மருத்துவரிடம் கேட்கும் அதே சொல். மற்றொன்றின் பெயர் செலெஸ்டிஸ், 'வானுக்குரியது'. முதற்பெயரை 1801-இல் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இட்டார். இரண்டாவதை 1905-இல் கோபன்ஹேகன் நகர மருத்துவரான பெர்க் இட்டார். ஒன்றுக்கு நோயின் பெயர், மற்றொன்றுக்கு வானத்தின் பெயர். ஆனால் மேலிருந்து நோக்குகையில் இரண்டும் ஒரு தாய் வயிற்று இரட்டையர் போன்றவை. இரண்டுக்கும் நீலச் சாம்பல் உடல், கரிய கோடு, மஞ்சள் உச்சி. தலைமேல் இருக்கும் இரண்டு உணர்கொம்புகளும் இரண்டுக்கும் மஞ்சளே.

அவ்வாறாயின் எவ்வாறு பிரிப்பது? முதுகில் உள்ள புடைப்புகளின் வரிசைகளும் கோடுகளின் போக்கும் ஓரளவு உதவும். ஆயினும் அவை வயதுக்கேற்பவும் உயிருக்கு உயிரும் மாறக்கூடியவை. உறுதியான சான்று அடியில் இருக்கிறது. வாரிகோசாவின் பாதத்தின் நடுவே, நெடுக ஒரு கருங்கோடு ஓடும். செலெஸ்டிஸின் பாதத்தில் அக்கோடு இல்லை. பாறையைப் பற்றியிருக்கும் பாதத்தை மேலிருந்து எடுத்த படம் எவ்வாறு காட்டும்?

தம்பி எடுத்த ஆறு படங்களில் ஒன்றே ஒன்றில், அந்த உயிர் ஒரு பவளப் பாறையின் விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. உடலின் முன்பகுதி அந்தரத்தில் தூக்கியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். அடியில் கருங்கோடு தெளிவாக இருந்தது. அது வாரிகோசா. மற்ற ஐந்து படங்களும் அழகானவை, ஒளி மிக்கவை. ஆனால் அவற்றுள் ஒன்றும் அடியைக் காட்டவில்லை.

"எங்கள் கம்பெனியிலும் இதே கதைதான், ஃபாதர்" என்றார் தம்பி. "பத்து மில்லி போல்ட் இரண்டு வகை வரும். ஒன்றில் மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர், இன்னொன்றில் 1.25. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கேஜ் போட்டுப் பார்க்காமல் அனுப்பினால் வண்டியில் போய்த்தான் தெரியும்."

அன்றிரவு அந்தப் பெயர்களின் பின்னே இருந்த மனிதர்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படத்தைக் கொண்டு உயிரை அறியும் இந்தச் சிக்கல் நீருக்கடியில் செல்லும் கேமரா வந்தபின் பிறந்ததென்று எண்ணியிருந்தேன். அது மிகப் பழையது. இலங்கையில் 1819-இல் பிறந்த கெலார்ட் என்னும் மருத்துவர், மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிகளை ஆராயும் பணியை அரசிடமிருந்து பெற்றவர். நம் முத்துக்குளித்துறை மக்கள் மூழ்கிய அதே வளைகுடாவின் மறுகரை அது. அவர் 1858, 1859-ஆம் ஆண்டுகளில் திருகோணமலை முதலிய கரைகளின் ஓடில்லாக் கடல் நத்தைகளைப் பலவாறு விவரித்து எழுதினார். ஃபில்லிடியாவின் நெருங்கிய உறவான ஒன்றுக்குச் 'சிலோனுக்குரியது' என்னும் பொருளில் செய்லானிக்கா என்ற பெயர் நின்றது அவரால்தான். 1860-இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே அவர் இறந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்ட்டர் எலியட் விசாகப்பட்டினக் கரையில் சேகரித்தவற்றை, ஆல்டர், ஹான்காக் என்னும் இருவர் 1864-இல் இங்கிலாந்தில் விவரித்தனர். அதில் ஒன்றுக்குக் கலிங்கா என்று நம் பழைய நாட்டின் பெயரையே இட்டிருக்கிறார்கள்.

இவ்வுயிர்களைச் சாராயத்தில் இட்டால் சில நாளில் நிறம் போய்விடும். உடல் சுருங்கி, வெளுத்த சதைத்துண்டாகிவிடும். ஆகவே கையில் இருந்தவை இரண்டு: நிறத்தைக் காட்டி உள்ளுறுப்பைக் காட்டாத சித்திரம்; உள்ளுறுப்பைக் காட்டி நிறத்தைக் காட்டாத உடல். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பணியைப் பின்னாளில் ஏற்றவர் சார்லஸ் எலியட் என்பவர். இவர் அரசத் தூதர். பின்னர் ஜப்பானில் பிரித்தானியத் தூதராக இருந்தவர். இந்து, பௌத்த சமயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். நியூகாசில் நகரின் ஹான்காக் அருங்காட்சியகத்திலிருந்த தொகுப்புகளையும் கெலார்ட்டின் சித்திரங்களையும் ஒப்புநோக்கி, தென்னிந்தியா, இலங்கை ஆகியவற்றின் ஓடில்லாக் கடல் நத்தைகளைப் பற்றி 1906-இல் கட்டுரை எழுதினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் இறந்துபோன ஒருவர், எந்த உயிரைக் கண்டு எந்தப் பெயரைச் சொன்னார் என்று தீர்ப்பதற்கு இவ்வளவு பொறுமை. விரல் நீளமுள்ள ஓர் உயிருக்குப் பெயர் தவறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக!

படமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. நீரில் சில மீட்டர் இறங்கியதுமே சிவப்பு நிறம் மங்கத் தொடங்குகிறது. விளக்கின்றி எடுத்த படத்தில் இளஞ்சிவப்பு சாம்பலாகித் தெரியும். கெலார்ட்டின் செய்லானிக்காவுக்குக் கரிய உடலில் இளஞ்சிவப்பு மேடுகள் நெடுக ஓடும். அதன் உறவான பஸ்டுலோசாவுக்கு, அதாவது 'கொப்புளம் நிறைந்தது' என்பதற்கு, அவை கொத்துக் கொத்தாய் இருக்கும். மங்கிய படத்தில் மேடுகளின் நிறமும் தெரியாது. மேடு எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. போதிய ஒளியில்லாமல் பார்ப்பவன் இரண்டையும் ஒன்றென்றே சொல்வான்.

ஒற்றுமைக்குக் காரணமும் உண்டு. இந்தச் சிற்றுயிர்கள் நஞ்சுடையவை. ஹவாய்த் தீவில் ஜொஹான்னஸ் என்னும் ஆய்வாளர், வாரிகோசா சுரக்கும் நீர் அதனுடன் ஒரே கலத்தில் இருந்த பிற உயிர்களைக் கொல்வதைக் கண்டு 1963-இல் எழுதினார். அந்த நஞ்சை அது கடற்பஞ்சை உண்டு பெறுகிறது என்பது 1975-இல் தெளிவாயிற்று. ஒருமுறை கடித்து வருந்திய மீன், பின்னர் அந்தக் கோலத்தைக் கண்டாலே விலகிப் போகும். ஆகவே நஞ்சுடைய பலவும் ஒரே கோலத்தைப் பூண்டிருந்தால் எல்லாவற்றிற்கும் நன்மை. கோலத்தை மட்டும் கடன் வாங்கியவையும் உண்டு. பஸ்டுலோசாவைப் போலவே தோன்றும் ஒரு தட்டைப்புழுவை 1994-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விவரித்து, 'போலி செய்தது' என்னும் பொருளில் இமிட்டாட்டஸ் என்று பெயரிட்டார்கள். அது நத்தை இனமே அன்று. மீனுக்கு அந்த ஒற்றுமை போதும். மீன் தன் உயிரைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஐயமிருந்தால் விலகிப் போவதே அதற்கு நலம். ஆனால் பெயர் சொல்ல வந்தவனுக்கு ஒற்றுமை போதாது.

இங்கே ஒரு சொல்லைக் கண்டு நின்றுவிட்டேன். உயிர்வகைக்கு அறிவியலார் வழங்கும் ஸ்பீசிஸ் என்னும் சொல் இலத்தீனில் 'தோற்றம்' என்றே பொருள்படும். நற்கருணையைப் பற்றிப் பேசும் இறையியல் அதே சொல்லை ஆள்கிறது. அப்ப இரசக் குணங்கள் என்று நம் பழைய ஞானோபதேசம் கற்பித்தது அதைத்தான். கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்னும் மறையுண்மையை நாள்தோறும் பலிபீடத்தில் ஏந்துகிறவன் நான். தோற்றத்தைக் கண்டு உள்ளதைத் தீர்மானிக்கலாகாது என்பதை என்னைவிட வேறு யார் அறிந்திருக்க வேண்டும்?

அறிவியலாரும் அச்சொல்லின் பழைய பொருளை விட்டு வெகுதொலைவு வந்துவிட்டார்கள். ஃபில்லிடியா குடும்பத்தை 1993-இல் முழுமையாகச் சீர்திருத்தி எழுதிய பிரங்க்ஹார்ஸ்ட் நிறத்திற்கும் கோலத்திற்கும் நல்ல இடம் தந்தார். அதன்பின் மரபணுவை ஒப்பிடும் வழி வந்தது. பஸ்டுலோசா என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் மறைந்திருப்பது தெரிய வந்தது. குரோமோடோரிஸ் என்னும் மற்றோர் இனத்தைப் பற்றி லேட்டன், கோஸ்லைனர், வில்சன் ஆகிய மூவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. அங்கே ஒரே வகையைச் சேர்ந்தவை இடத்திற்கேற்ப வெவ்வேறு கோலம் பூணுகின்றன. வெவ்வேறு வகைகள் ஒரே இடத்தில் ஒரே கோலம் பூணுகின்றன. வேறுபட்டுத் தோன்றுபவை ஒன்றாகவும், ஒன்றாகத் தோன்றுபவை வேறாகவும் இருக்கலாம்.

இதற்கு அண்மைச் சான்று ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்தபின், பெசன்ட் நகர்க் கடற்கரையில், நம் மக்கள் கூடும் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்திற்கு அருகே, நீலக் கடல் நாகம் எனப்படும் சிற்றுயிர்கள் ஒதுங்கின. கிளாக்கஸ் அட்லாண்டிக்கஸ் என்பது அதன் பெயர். இதுவும் ஓடில்லாக் கடல் நத்தையே. நாளேடுகளில் வந்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த அழகிய நீலத்தை அதன் முதுகென்றே நானும் எண்ணினேன். உண்மையில் அது அடிப்பக்கம். காற்றை விழுங்கி, மல்லாந்து கடலின் மேற்பரப்பில் மிதக்கும் உயிர் அது. மேலே தெரியும் நீலம் அதன் வயிறு. கீழ்நோக்கிய வெள்ளிச் சாம்பலே முதுகு. அதன் உறவான கிளாக்கஸ் மார்ஜினேட்டஸ் ஏறக்குறைய அதைப் போன்றதே. விரல்போன்ற கிளைகள் ஒற்றை வரிசையில் இருந்தால் அட்லாண்டிக்கஸ்; பல வரிசைகளாய் அடர்ந்திருந்தால் மார்ஜினேட்டஸ். அந்த மார்ஜினேட்டஸையும் 2014-இல் ஆராய்ந்து, அது ஒன்றன்று, நான்கு என்று கண்டார்கள். வயிற்றை முதுகென்று கொண்டு, நான்கை ஒன்றென்று எண்ணும் கண்ணை எவ்வளவு நம்பலாம்?

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த இரவுகளில் ஒரு முகம் என் முன் வந்து வந்து நின்றது. அதைப் பற்றி இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நான் இப்பங்கிற்கு வந்த புதிதில், ஓர் இரவு மாதா கெபியின் காணிக்கைப் பெட்டி உடைக்கப்பட்டது. போன பணம் பெரிதன்று. ஆயினும் அன்னையின் பாதத்தில் எளியோர் இட்ட காணிக்கை என்பதால் மக்கள் மனம் கொதித்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் கண்காணிப்புக் கேமரா பொருத்தியிருந்தோம். பங்குப் பேரவையினர் சிலரும் நானும் அமர்ந்து பார்த்தோம். கேமரா உயரத்தில் இருந்தது. தெரிந்தவை ஒரு தொப்பி, தோள்கள், தொழிற்சாலைச் சீருடையான நீலச் சட்டை ஆகியவை மட்டுமே. "அவன்தான்" என்றார் ஒருவர். ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் நின்று திருப்பலி காணும், ஜார்க்கண்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்த இளைஞன் ஒருவனை அவர் சொன்னார். அதே உயரம், அதே சட்டை, அதே தொப்பி. எல்லாரும் என்னை நோக்கினார்கள். "ஆம், அப்படித்தான் தெரிகிறது" என்றேன். நான் சொன்னது அவ்வளவே. அவ்வளவு போதுமானதாக இருந்தது.

அவனை அழைத்து விசாரித்தோம். அவனுக்குத் தமிழ் அரைகுறை; எனக்கு இந்தி அரைகுறை. அழுதான். அழுததையே சான்றாகக் கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. செய்தி ஒப்பந்தக்காரர் காதுக்குச் சென்றது. வேலை போயிற்று, வாடகை அறையும் போயிற்று. இரண்டு வாரம் கழித்து, வேறோர் இடத்தில் உண்டியல் உடைக்கையில் பிடிபட்ட ஒருவன், எங்கள் பெட்டியையும் தானே உடைத்ததாக ஒப்புக்கொண்டான். அவன் இவ்வூர்க்காரன். பின்னர் விசாரித்தபோது தெரிந்தது: அந்த ஜார்க்கண்டு இளைஞன் அன்றிரவு மூன்றாம் ஷிப்டில் வேலையில் இருந்திருக்கிறான். தொழிற்கூடத்து வருகைப் பதிவேட்டில் அது எழுதப்பட்டே இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். அந்த அழைப்பை நான் செய்யவில்லை. எங்களிடம் இருந்தது மேலிருந்து எடுத்த படம் ஒன்றுதான். அடிப்பக்கத்தைப் பார்க்க நாங்கள் முயலவே இல்லை.

அவனைத் தேடி அறைக்குச் சென்றேன். ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். கைப்பேசி அணைந்திருந்தது. முன்னொருமுறை அவன் என்னிடம் கொடுத்திருந்த திருமுழுக்குச் சான்றின் நகலில் அவன் பங்கின் பெயர் இருந்தது. அப்பங்குத்தந்தைக்கு ஒரு மடல் எழுதினேன். மறுமொழி வரவில்லை. ஒரு மடல் எழுதிவிட்டேன் என்பதையே கடமை முடிந்ததாகக் கொண்டு நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் அதை அறிக்கையிட்டதுண்டு. மன்னிப்பும் பெற்றேன். ஆனால் பறித்த பெயரைத் திருப்பிக் கொடுக்கும் கடன் தீரவில்லை என்பதை ஒழுக்க இறையியல் படித்த எவரும் அறிவர். பொருளைத் திருடியவன் பொருளைத் திருப்ப வேண்டும். நற்பெயரைக் கெடுத்தவன் நற்பெயரைத் திருப்ப வேண்டும். இதை நான் மறையுரையில் சொன்னதும் உண்டு.

படக்காட்சிக்கு இரண்டு நாள் முன்னர் தம்பி மீண்டும் வந்தார். பாதத்தின் கோடு தெரிந்த படத்தின் கீழ் ஃபில்லிடியா வாரிகோசா என்று எழுதியிருந்தார். மற்றப் படங்களுக்கு என்ன எழுதுவது? இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் ஓடில்லாக் கடல் நத்தைகளுக்கென்று 2010-இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. அவ்விரு வகைகளும் அத்தீவுகளில் வாழ்பவையே. ஆகவே இடத்தை வைத்தும் பிரிக்க இயலவில்லை. "செலெஸ்டிஸ் மாதிரிதான் தெரிகிறது, ஃபாதர். போட்டுவிடலாமா?" என்றார்.

"பாதத்தைப் பார்த்தீர்களா, தம்பி?"

"இல்லை, ஃபாதர்."

இத்தகைய நிலைக்கென்றே அறிவியலார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இனப்பெயருக்கும் வகைப்பெயருக்கும் நடுவே 'சிஎஃப்.' என்னும் இரண்டு இலத்தீன் எழுத்துகளை இடுவார்கள். கொன்ஃபெர் என்பதன் சுருக்கம் அது. 'ஒப்பிடுக' என்று பொருள். இதைப் போல் இருக்கிறது, ஆயினும் இதுவே என்று நான் உறுதி கூறவில்லை, பின்வருபவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அதை விரித்துக்கொள்ளலாம். அவ்வெழுத்துகள் எனக்குப் புதியவை அல்ல. குருமடத்தில் நாங்கள் புரட்டிய இறையியல் நூல்களின் அடிக்குறிப்புகளில் பக்கத்திற்குப் பத்து முறை அவை வரும். பல்லாண்டுகள் அவற்றைக் கடந்து போயிருக்கிறேன். அவற்றுக்குள் இவ்வளவு பணிவு இருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை. 'அவன்தான்' என்ற சொல்லுக்கும் 'அவனைப் போல் இருக்கிறது, விசாரிப்போம்' என்ற சொல்லுக்கும் இடையே அந்த இரண்டு எழுத்துகள் இருந்தன. அன்று அவற்றை நான் இட்டிருந்தால் ஓர் இளைஞன் எங்கள் ஆலயத்தில் இன்னும் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருப்பான்.

படங்களின் கீழ் 'ஃபில்லிடியா சிஎஃப். செலெஸ்டிஸ்' என்று எழுதினோம்.

காட்சியின் முதல் ஞாயிறன்று பங்குப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் படங்களின் முன் நெடுநேரம் நின்றார். "எல்லாப் படத்துக்கும் பெயர் இருக்கிறது, சாமி. இதில் மட்டும் நடுவில் ஏதோ எழுத்து இருக்கிறதே?" என்று கேட்டார். பாதத்தின் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த எழுத்துகளின் பொருளைச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு கேமராவின் முன் என் அருகே அமர்ந்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். "அவன்தான்" என்று முதலில் சொன்னவர் அவரே. ஆனால் ஒருவர் சொன்ன சொல்லைத் தீர்ப்பாக்கியது என் தலையசைப்பு. ஆகவே அப்பழி என்னுடையதே.

அவர் மாலையில் அறைவீட்டுக்கு வந்தார். நாற்காலியில் அமரவில்லை. "அந்தப் பையனுடைய ஊர் விவரம் உங்களிடம் இருக்கிறதா, சாமி?" என்றார்.

"இருக்கிறது, ஐயா. கடிதம் போட்டேன். பதில் வரவில்லை."

"கடிதம் போட்டால் போதுமா, சாமி? நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்."

பெங்களூருவிலிருந்து ராஞ்சியை அடுத்த ஹட்டியாவுக்கு நேரடி இரயில் உண்டு. நவம்பரில் செல்வதற்கு இரண்டு சீட்டுகள் எடுத்திருக்கிறோம். அவன் அங்கே இருப்பானா என்பது தெரியாது. வேறேதேனும் ஊரில் வேறு நிறச் சட்டையணிந்து வேலை செய்துகொண்டிருக்கலாம். இருந்தாலும் எங்களைக் காண விரும்புவானா என்பது அதைவிடத் தெரியாது. அவன் பங்குத்தந்தையின் முன்பும் அவன் பெற்றோர் முன்பும், இவன் திருடன் அல்லன், தவறு செய்தவர்கள் நாங்கள் என்று சொல்ல வேண்டும். இந்தியில் அதை எவ்வாறு பிழையின்றிச் சொல்வது என்று எங்கள் ஆலயத்திற்கு வரும் ஜார்க்கண்டுப் பெண் ஒருவரிடம் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

தம்பியும் சனவரியில் மீண்டும் அந்தமான் செல்கிறார். அந்த உயிர்களைத் தொடலாகாது, பிடித்துப் புரட்டலும் ஆகாது என்பது அங்கே மூழ்குவோர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. பாதத்தைக் காண விரும்புகிறவர், அது தானாகப் பாறை விளிம்பைத் தாண்டும்வரை அருகே காத்திருக்க வேண்டும். "இந்த முறை படங்களைக் குறைத்துக்கொள்வேன், ஃபாதர், காத்திருந்து எடுப்பேன்" என்று சொல்லியிருக்கிறார்.